பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பது?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர இயலாத உறுப்பினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



வழக்கமாக இந்த மேடையில் சொத்து வரி, பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு, நாய்த் தொல்லை என்றுதான் பேசுவோம். இந்தத் தடவை குழந்தைகள் உடல்நலம் பற்றிப் பேசுங்கள் என்று தலைவர் சொன்னபோது தயங்கினேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம், இன்று திருநகரில் பல வீடுகளில் பேரப்பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது நாம்தான். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். மகள் பிரசவத்துக்கு இங்கேதான் வருகிறாள். மே மாதம் வந்தால் சென்னை, பெங்களூர் பிள்ளைகள் எல்லாம் நம் வீட்டு மாடியில்தான். பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்றால் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது நம் கை. "ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, விடியட்டுமா" என்று முடிவு சொல்வதும் நம் வாய்தான். அந்த முடிவை நான் ஒரு தடவை தப்பாகச் சொன்னேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எட்டு வருடம் ஆகிறது. என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரன் பிறந்து ஐந்து வாரம். மார்கழி மாதம், நல்ல குளிர். இரவு பத்து மணிக்கு மகள் வந்து, "அப்பா, சாயங்காலத்துல இருந்து பிள்ளை பால் குடிக்கவே மாட்டேங்குது, தூங்கிக்கிட்டே இருக்கு" என்றாள். நான் தெர்மாமீட்டரை எடுத்து அக்குளில் வைத்துப் பார்த்தேன். 95.4 காட்டியது. "காய்ச்சலே இல்லம்மா, குளிருக்குத் தூங்குது, போர்த்திவிடு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா, "தொக்கமா இருக்கும், காலையில எடுத்துரலாம்" என்றார். என் மனைவி மட்டும், அழுகிற பிள்ளையைவிட அழாத பிள்ளைக்குத்தான் பயப்படணும் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். இரண்டு மணிக்கு அவள்தான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றாள். அதற்குப் பிறகுதான் நான் ஆட்டோ தேடப் போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வருவதற்கு முன் ஒரு சிஸ்டர் பார்த்தார். வயசு என்ன, கடைசியாக எப்போது பால் குடித்தது, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனது என்று கேட்டார். கேட்டுக்கொண்டே உள்ளங்காலைத் தொட்டார். சட்டையை விலக்கி, வாட்சைப் பார்த்தபடி ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். 72. நான் பெரிய மனிதனாக, "காய்ச்சல் இல்லை சிஸ்டர்" என்றேன். "சார், இந்த வயசுல இப்படிக் குளுந்து போறதுதான் எங்களுக்கு ரொம்பப் பயம்" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ரத்தத்தில் கிருமித் தொற்று. 14 நாள் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டான். இப்போது தெருவில் உங்கள் வீட்டு ஜன்னலைப் பதம் பார்க்கிற கிரிக்கெட் கோஷ்டியில் அவனும் ஒருவன். ஆனால் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் போன அந்த நாலு மணி நேரம் நான் கொடுத்தது. என் மகள் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்த 14 நாளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, செவிலியர்கள் எதை முதலில் பார்க்கிறார்கள் என்று கவனித்தேன். நேரம் கிடைத்தபோது கேட்டேன். பிறகு தேடிப் படித்தேன். ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்குப் புரிந்தது இதுதான். "குழந்தைக்குக் காய்ச்சல்" என்று நாம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதுகிறோம். மருத்துவமனையில் அப்படி எழுதுவதில்லை. முதலில் வயதைக் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990களில் வகுத்த ஒரு முறை இருக்கிறது. நம் நாட்டில் அதை ஐ.எம்.என்.சி.ஐ. என்கிறார்கள். கிராம சுகாதார செவிலியர்களுக்கும் அதில் பயிற்சி உண்டு. அதில் பிறந்ததிலிருந்து இரண்டு மாதம் வரை தனி அட்டவணை, இரண்டு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை தனி அட்டவணை. ஒன்றில் இருப்பதை இன்னொன்றுக்குப் போடக் கூடாது.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதல் கேள்வி பால் குடிக்கிறதா என்பது. நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை குடிக்கவில்லை, அல்லது இரண்டு வாய் சப்பிவிட்டுத் துவண்டு தூங்குகிறது என்றால் அதுவே அபாய அறிகுறி. அடுத்தது உடம்புச் சூடு. அக்குளில் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தாலும் ஆபத்து, 95.9க்குக் கீழே இருந்தாலும் ஆபத்து. சின்னப் பிள்ளையின் உடம்புக்குக் காய்ச்சலைக் கிளப்பிச் சண்டை போடுகிற தெம்பு இருக்காது, அதனால் குளிர்ந்து போய்விடும். அன்றைக்கு நான் எண்ணைச் சரியாகத்தான் படித்தேன், வரவு பக்கத்தில் எழுதிவிட்டேன். மூன்றாவது மூச்சு. வலிப்பு வந்தால், தொட்டாலும் அசையாமல் கிடந்தால், நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே பள்ளம் விழுந்து மூச்சு வாங்கினால் சொல்லவே வேண்டாம். இந்த வயதில் வீட்டு வைத்தியம், உரமருந்து, சொட்டு மருந்து எதையும் நாமாகக் கொடுத்துப் பார்க்கக் கூடாது. அம்மாவின் நெஞ்சோடு தோலோடு தோலாக அணைத்து, மேலே போர்த்தி, அப்படியே கிளம்ப வேண்டும். போகிற வழியில் குடித்தால் தாய்ப்பால் கொடுக்கலாம். பரங்குன்றத்தில் திருவிழா நாளாக இருந்தால் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இங்கிருந்து கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் பத்து கிலோமீட்டருக்குக் குறையாது. அதனால் 108ஐக் கூப்பிட யோசிக்காதீர்கள்.

மூச்சு எண்ணுவதை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. பணம் எண்ணிய கைக்கு இது சுலபமாக வந்துவிட்டது. பிள்ளை அழாமல் இருக்கும்போது, தூங்கும்போது இன்னும் நல்லது, சட்டையை விலக்கி வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் சேர்ந்து ஒன்று. முழு அறுபது வினாடி எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் சின்னப் பிள்ளைக்குக் கணக்கு தப்பிவிடும். அவர்கள் மூச்சு சீராக இருப்பதில்லை. இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இதுவோ இதற்கு மேலோ இருந்தால் வேகமான மூச்சு. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு 60ஐத் தாண்டினால் இன்னொரு தடவை எண்ணி உறுதிப்படுத்துங்கள். சளி பிடித்திருக்கிற பிள்ளைக்கு அது வெறும் சளியா, நிமோனியாவாக இருக்குமா என்று பிரித்துப் பார்க்க, ஸ்டெதஸ்கோப் இல்லாத நம் வீட்டில் இருக்கிற முதல் கருவி சுவர்க் கடிகாரம்தான்.

இரண்டு மாதத்தைத் தாண்டி ஐந்து வயது வரை காய்ச்சல் எண் மட்டும் பெரிதில்லை. 102 இருக்கிற பிள்ளை கஞ்சி குடித்து, பொம்மையை எடுத்து விளையாடினால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். 100 இருக்கிற பிள்ளை எதையும் குடிக்காமல், குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்து, கூப்பிட்டால் முகம் திருப்பாமல் கிடந்தால் உடனே போக வேண்டும்.

இந்த வயதில் நாம் அதிகம் பார்ப்பது வயிற்றுப்போக்கு. நான் சிறுவனாக இருந்தபோது, "போகுதில்ல, தண்ணி குடுக்காதே, நிக்கட்டும்" என்பார்கள். இதைவிடத் தப்பான யோசனை கிடையாது. போவதை நிறுத்துவதைவிடப் போனதை ஈடு கட்டுவதுதான் முதல் வேலை. ஒவ்வொரு தடவை போன பிறகும் இரண்டு வயது வரை கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர், அதற்கு மேல் அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர் ஓ.ஆர்.எஸ். கரைசல். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. டாக்டர் எழுதித் தருகிற துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றாலும், 14 நாள் கொடுத்து முடிக்க வேண்டும். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீர்தான், 200 மில்லி என்று போட்டிருந்தால் 200 மில்லிதான். லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு அதிகமாகிப் பிள்ளைக்கு ஆபத்து. கண் குழி விழுந்திருந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாக இறங்கினால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இந்த உப்பு-சர்க்கரைத் தண்ணீருக்கு ஒரு வரலாறு உண்டு. 1971ல் பங்களாதேஷ் போரின்போது மேற்கு வங்க எல்லையில் பாங்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. கொல்கத்தா டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். முப்பது சதவீதம் அளவுக்கு இருந்த சாவு, அவர் பார்த்த நோயாளிகளில் 3.6 சதவீதமாகக் குறைந்தது. அவர் 2022ல் காலமான பிறகு பத்ம விபூஷண் கொடுத்தார்கள். நான் இதைச் சொல்வதற்குக் காரணம், அங்கே டம்ளரைப் பிடித்தவர்கள் அம்மா, அப்பா, அக்கா, பாட்டி. நம்மைப் போன்றவர்கள்தான்.

கடையில் "ஓ.ஆர்.எஸ்." என்று பெரிய எழுத்தில் போட்டு, பழ வாசனையோடு விற்ற சர்க்கரைப் பானங்களை நம்பி நானே வாங்கியிருக்கிறேன். அப்படிப் பெயர் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடியதன் பலன் அது. மருந்துக்கடையில் கேட்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள்.

அடுத்தது மருந்து அளவு. காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் ஒரே பெயரில் மூன்று விதமாக வருகிறது. சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125. இன்னொரு சிரப்பில் 5 மில்லியில் 250. பத்து கிலோ எடையுள்ள பிள்ளைக்கு டாக்டர் 150 மில்லிகிராம் என்று எழுதினால், சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி. மருந்து ஒன்றுதான், தொகை வேறு. போன வருடம் பேத்திக்குக் காய்ச்சல் அடித்தபோது, சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து சிரப்பு மூடியில் ஆறு மில்லி ஊற்றப் போனேன். கொடுத்திருந்தால் நாலு மடங்கு. மருமகள் என் கையைப் பிடித்து, "மாமா, பாட்டிலைப் படிங்க" என்றாள். வங்கியில் ஒரு சைபர் தப்பினால் சாயங்காலம் டேலி ஆகாது, உட்கார்ந்து தேடலாம். இங்கே தேடுவதற்கு நேரம் கிடைக்காது. அதிலிருந்து எங்கள் வீட்டில் பிள்ளையின் எடை, மருந்தின் பெயர், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதுகிறோம். பாட்டி கொடுத்தது தெரியாமல் தாத்தாவும் கொடுப்பது அதோடு நின்றது. டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டினால் அவருக்கும் வேலை சுலபம்.

இருமல் சிரப்பு விஷயம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2025ல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்தது. மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதில் கலப்படம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தப் பிள்ளைகள் பலருக்கு அந்த சிரப்பு தேவைப்பட்டிருக்குமா என்பது. இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறையே அப்போது அறிவுறுத்தியது. பெரும்பாலான இருமல் தானாக அடங்கும். "பழைய சீட்டைக் காட்டி வாங்கி வந்துட்டேன்" என்கிற பழக்கத்தை நாம் விட வேண்டும்.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாயில் ஸ்பூன் வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். பக்கவாட்டில் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

உடம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் பெரிய பயம் ஊசிகூட இல்லை, அம்மா காணாமல் போவது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பிள்ளையை வார்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் வர முடியும். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952ல் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று எட்டு நாள் அப்படி இருந்ததைப் படம் எடுத்துக் காட்டினார். 1959ல்தான் பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கலாம் என்று அங்கே ஒரு அரசுக் குழு பரிந்துரைத்தது. நம் அரசு மருத்துவமனை வார்டில் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிற அம்மாவைப் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு அந்தப் பாய்தான் பாதி மருந்து. நான்கைந்து வயதுப் பிள்ளைகள், தான் ஏதோ குறும்பு செய்ததால்தான் நோய் வந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாமும் "சாப்பிடலேன்னா ஊசி போட்டுருவாங்க" என்று சொல்லி அதை உறுதிப்படுத்துகிறோம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். வலிக்கும் என்றால் வலிக்கும் என்று சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடும், அதனால் கொஞ்சம் சுலபம். பன்னிரண்டு, பதிமூன்று ஆனால் மறுபடி கஷ்டம். சொல்லத் தெரியும், ஆனால் சொல்லாது. டாக்டர் கேட்கும்போது தாத்தா பதில் சொல்லக் கூடாது. சில நேரம் தாத்தா அறையை விட்டு எழுந்து வெளியே போவதுதான் அவர் செய்யக்கூடிய பெரிய உதவி. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம்.

பெரிய பிள்ளைகளைப் பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நம் பகுதியில் வருகிற டெங்கு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "விட்டிருச்சு, ஸ்கூலுக்குப் போ" என்போம். டெங்குவில் ஆபத்து ஆரம்பிப்பது காய்ச்சல் இறங்குகிற அந்த நேரத்தில்தான். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, சிறுநீர் குறைவது, சோர்ந்து படுப்பது, இதில் எது இருந்தாலும் அட்மிட் ஆக வேண்டும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது, ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

பேசி முடித்ததும் இரண்டு கேள்விகள் வந்தன. அதையும் எழுதிவிடுகிறேன்.

நிலவேம்புக் குடிநீர் கொடுக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அரசே கொடுத்ததுதான், பெரிய பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள், ஆனால் அதைக் கொடுத்துவிட்டோம் என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள் என்றேன்.

இரண்டாவதாக, எங்கள் தெருவிலேயே பலரும் மதிக்கிற ஒரு மூத்த அம்மா எழுந்து, "தொக்கம் எடுக்கிறதையும் விடணும்ங்கிறீங்களா தம்பி?" என்றார். அன்றைக்கு என் வீட்டுப் பிள்ளைக்குத் தொக்கம் என்று சொன்னவர் அவரில்லை. இருந்தாலும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. மந்திரித்துக் கயிறு கட்டுவதில் எனக்குச் சண்டை இல்லை அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு கட்டலாம் என்றேன். ஆனால் வாய் வைத்து ஊதுவது, உறிஞ்சுவது, தொண்டைக்குள் விரல் விடுவது, குடலேற்றம் என்று தலைகீழாகப் பிடிப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது, இவை எல்லாவற்றையும் விட்டுவிடத்தான் வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் போகும், ஊதுகிறவர் வாயில் இருக்கிற கிருமி பிள்ளைக்குப் போகும். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த மூச்சு எண்ணுறதை ஒரு தாள்ல பெரிய எழுத்துல எழுதிக் குடுங்க, கண்ணாடி இல்லாம படிக்கிற மாதிரி" என்றார். 60, 50, 40 என்று எழுதி, சங்க அலுவலகத்தில் நூறு பிரதி வைத்திருக்கிறேன். காலை பத்து மணிக்கு மேல் வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.